வயலில் நிற்பவரின் பெயரையும் எழுதுங்கள்

தமிழ்நாடு அரசின் வேளாண்மை – உழவர் நலத் துறைச் செயலாளருக்கும், வருவாய் மற்றும் பேரிடர் மேலாண்மைத் துறைச் செயலாளருக்கும் குத்தகைச் சாகுபடி செய்யும் ஒரு பெண் எழுதும் திறந்த மடல்

மதிப்பிற்குரிய செயலாளர்களுக்கு,

காவிரியின் கடைமடையில் பதினைந்து மா நிலத்தைக் குத்தகைக்குப் பயிரிடுகிறேன். ஒன்பது மா தனியாருடையது, ஆறு மா கோயிலுடையது. உங்கள் கணக்கில் மொத்தம் ஐந்து ஏக்கர். 2018இல் என் கணவர் இறந்தது முதல் உழவு, நாற்றங்கால், நடவு, களை, அறுப்பு எல்லாம் என் பொறுப்பில் நடக்கின்றன. எங்கள் மகளிர் சுய உதவிக் குழுவின் கணக்கைப் பன்னிரண்டு ஆண்டுகளாக எழுதுபவள் என்பதால் வயல் கணக்கையும் நாள் தவறாமல் எழுதி வைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. அந்த நோட்டுகளைத் திருப்பிப் பார்த்துத்தான் சொல்கிறேன்: இந்த ஐந்து ஏக்கருக்கென்று அரசு கொடுத்த உதவித்தொகையிலோ நிவாரணத்திலோ இதுவரை ஒரு ரூபாய்கூட அரசிடமிருந்து நேரடியாக என் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கு வந்ததில்லை.

இருவருக்கும் சேர்த்து ஒரே மடலாக எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. வேளாண் அலுவலகத்தில் கேட்டால், "பெயர் சேர்ப்பது வருவாய்த் துறை வேலை" என்கிறார்கள். வருவாய் அலுவலகத்தில் கேட்டால், "பணம் கொடுப்பது வேளாண் துறை, அவர்கள் பட்டியல் கேட்கிற மாதிரிதான் நாங்கள் தருகிறோம்" என்கிறார்கள். இரண்டு அலுவலகங்களுக்கும் இடையே உள்ள பேருந்துக் கட்டணத்தையும் நான் சாகுபடிச் செலவில்தான் எழுதி வருகிறேன்.

2025 நவம்பர் 19 அன்று, நிலம் வைத்திருக்கும் விவசாயக் குடும்பங்களுக்கு ஒன்றிய அரசு ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் பிரதமரின் கிசான் நிதியின் 21ஆவது தவணை நம் கோயம்புத்தூரில் வைத்தே விடுவிக்கப்பட்டது. அன்று மாலை தாம்பரத்தில் மகன் வீட்டில் இருக்கும் நில உரிமையாளர் அம்மாவின் கணக்கில் 2,000 ரூபாய் ஏறியது. வழக்கம்போல அவரே தொலைபேசியில் சொன்னார். நடவு தேறிவிட்டதா என்றும் விசாரித்தார். எண்பது வயதானவர், நல்ல மனம் படைத்தவர். அவருக்கு அந்தப் பணம் போவதில் எனக்கு எந்த மனத்தாங்கலும் இல்லை. பத்து நாள் கழித்து டிட்வா புயலின் மழை வந்தது. வேர் பிடித்துத் தூர் கட்டிக்கொண்டிருந்த சம்பாப் பயிர் தாழ்ந்த மடைகளில் தண்ணீருக்குள் போனது. வடிகால் வாய்க்காலில் ஆகாயத்தாமரை அடைத்துக் கிடந்ததால் நானும் இரண்டு ஆட்களும் இடுப்பளவு தண்ணீரில் நின்று அரிந்து ஒதுக்கினோம். தண்ணீர் வடிந்தபோது பயிரின் அடித்தாள் அழுகி, கையில் பிடித்து இழுத்தால் வேரில்லாமல் உருவிக்கொண்டு வந்தது. கணக்கெடுக்க வந்தவர் வரப்பில் நின்றபடி என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "பட்டா யார் பேருல இருக்கு?" என்பது. சொன்னேன். "அப்போ அந்த அம்மாவோட ஆதாரும் வங்கிப் புத்தக நகலும் வாங்கிக் கொடுத்துடுங்கக்கா" என்று சொல்லிவிட்டு அடுத்த வயலுக்கு நடந்தார். அவர் மேல் குற்றமில்லை. அவர் கையில் இருந்த படிவத்தில் என் பெயரை எழுத இடமே இல்லை. அந்தப் படிவத்தை வகுத்தவர்களுக்குத்தான் இந்த மடல்.

இது எங்கே போய் முடியும் என்பது எனக்குத் தெரியும், ஏனென்றால் 2023 பிப்ரவரியில் இதே வழியில் ஒருமுறை போய் வந்திருக்கிறேன். அறுவடைக்கு நின்ற கதிர் அந்த மாதத்தின் முதல் நாள்களில் பெய்த மழையில் மடங்கிச் சேற்றோடு படுத்தது. சாய்ந்த கதிரிலேயே முளை விட்டுவிட்டது. 33 சதவீதத்துக்கு மேல் பாதித்த நெற்பயிருக்கு ஹெக்டேருக்கு 20,000 ரூபாய் என்று அரசு அறிவித்தது. குறை சொல்ல முடியாத அறிவிப்பு அது. ஒன்பது மாவுக்கு 24,000 ரூபாய்க்குச் சற்றுக் கூடுதலாக வந்தது; வந்தது தாம்பரத்துக் கணக்கில். உரிமையாளரின் மகன் அதில் பாதியை எனக்கு அனுப்பிவிட்டு, "அக்கா, உங்களுக்கும் கஷ்டம்தானே, எங்களால் முடிந்த உதவி" என்று பேசினார். நான் நன்றி சொன்னேன். என் விதை, என் உரம், என் ஆள் கூலி, ஏக்கருக்கு 27,000 ரூபாய்க்கு மேல் என் நோட்டில் செலவாகப் பதிந்தது அழிந்ததற்காக அரசு கொடுத்த பணத்தைத்தான் அவர் உதவியாகக் கொடுத்தார். நானும் கைகூப்பி வாங்கிக்கொண்டேன். அந்தக் குடும்பம் தங்கமான குடும்பம் என்பதால் பாதியாவது வந்தது. எங்கள் தெருவிலேயே ஒரு ரூபாயும் பார்க்காத குத்தகைக்காரர்கள் நால்வர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் போய்க் கேட்டதற்கு, அடுத்த போகத்துக்கு நிலமே இல்லை என்று பதில் வந்தது.

கோயில் நிலத்தின் கதை வேறு. கிசான் நிதியின் விதிப்படி நிறுவனங்களின் பெயரில் உள்ள நிலத்துக்கு உதவித்தொகை கிடையாது. ஆகவே அந்த ஆறு மாவுக்குச் சாமிக்கும் வருவதில்லை, பயிரிடும் எனக்கும் வருவதில்லை. நிவாரணமாவது கிடைக்குமா என்று 2023இல் போனபோது, குத்தகைதாரர் என்பதற்குக் கோயில் நிர்வாகத்தின் சான்று வேண்டும் என்றார்கள். கோயில் பதிவேட்டில் குத்தகைதாரர் என் மாமனார். அவர் இறந்தது 2009இல். பெயர் மாற்ற வேண்டுமானால் என் கணவரின் இரண்டு தம்பிகளும் ஒரு தங்கையும் ஒப்புதல் தர வேண்டும். ஒருவர் திருப்பூரில், ஒருவர் சிங்கப்பூரில், தங்கை பேச்சுவார்த்தையில் இல்லை. வாரிசுச் சான்று, இறப்புச் சான்று, பாக்கியின்மைச் சான்று என்று ஒவ்வொன்றாகச் சேர்த்து முடிப்பதற்குள் நிவாரணப் பட்டியல் போய்விட்டது. இதில் ஒன்றை மட்டும் நீங்கள் கவனிக்க வேண்டும்: ஒவ்வோர் ஆண்டும் அந்த நிலத்தின் குத்தகையைக் கட்டுவது நான். ரசீது இன்றுவரை என் மாமனார் பெயரில்தான் வருகிறது. பதினாறு ஆண்டுகளாக இறந்தவர் ஒருவர் தவணை தவறாமல் குத்தகை கட்டிக்கொண்டிருக்கிறார், அதை வாங்கிக்கொள்வதில் யாருக்கும் எந்தச் சட்டச் சிக்கலும் எழவில்லை. இந்து சமய அறநிலையத் துறையின் கீழ் உள்ள திருக்கோயில்களுக்கு மாநிலம் முழுவதும் சுமார் 4.78 லட்சம் ஏக்கர் நிலம் இருக்கிறது. எங்கள் டெல்டாவில் எந்த ஊருக்குப் போனாலும் இப்படி இறந்துபோன குத்தகைதாரர்கள் ரசீதில் உயிரோடு இருப்பார்கள்.

கடன் தள்ளுபடியைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. 2021 பிப்ரவரியில் 16.43 லட்சம் விவசாயிகளின் 12,110 கோடி ரூபாய் கூட்டுறவுப் பயிர்க்கடன் தள்ளுபடியானபோது என் நகை ஒரு தேசிய வங்கியில் அடகில் இருந்தது. பட்டாவோ உரிமையாளரின் கையெழுத்தோ இல்லாமல் கூட்டுறவுச் சங்கத்தில் எனக்குப் பயிர்க்கடன் கிடைக்காததால் அது அங்கே போயிருந்தது.

பட்டாவைக் கேட்பது தகுதியில்லாதவர்கள் புகுந்துவிடாமல் தடுக்கத்தான் என்று ஒரு வேளாண் அலுவலர் எனக்கு விளக்கினார். 2020இல் நம் மாநிலத்தில் நடந்ததை அவருக்கு நினைவூட்டினேன். கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் முதலான மாவட்டங்களில் ஒரு சென்ட் நிலமும் இல்லாதவர்கள், விவசாயத்துக்கே தொடர்பில்லாதவர்கள் என்று ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் கிசான் நிதிப் பட்டியலில் ஏற்றப்பட்டார்கள். 110 கோடி ரூபாய் அளவுக்குப் பணம் போனது, சிபிசிஐடி விசாரித்தது, ஒப்பந்தப் பணியாளர்கள் வேலை இழந்தார்கள், பணத்தைத் திரும்ப வசூலிக்க அலைந்தார்கள். யாரும் வயலில் வந்து பார்க்காமல் கணினியில் மட்டும் பெயர் ஏறியதால் நேர்ந்தது அது. வயலுக்கு வந்து, யார் பயிரிடுகிறார் என்று அக்கம்பக்கத்தில் கேட்டிருந்தால் அந்த ஐந்து லட்சம் பேரும் நுழைந்திருக்க மாட்டார்கள், நாங்களும் வெளியே நின்றிருக்க மாட்டோம்.

யார் பயிரிடுகிறார்கள் என்று கண்டுபிடிப்பது கடினம் என்று சொல்லாதீர்கள். அரசுக்கு என்னைத் தெரியும். கடையில் 45 கிலோ யூரியா மூட்டையை 266 ரூபாய் 50 காசுக்கு மானிய விலையில் வாங்கும்போது விற்பனைக் கருவியில் என் ஆதார் எண்ணையும் கைரேகையையும் வாங்குகிறீர்கள். அந்தக் கருவி பட்டா கேட்பதில்லை. சம்பாவுக்குப் பயிர்க் காப்பீடு செய்யும்போது கிராம நிர்வாக அலுவலர் தரும் அடங்கலை, அதாவது எந்தப் புலத்தில் என்ன பயிர் என்ற பதிவைக் காட்டி, காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதப் பிரீமியத்தை என் பெயரில் கட்டுகிறேன். அந்தத் திட்டத்தின் விதியே குத்தகைதாரரையும் பங்குச் சாகுபடி செய்பவரையும் விவசாயி என்று ஏற்கிறது. அதுவும் ஒன்றிய அரசின் திட்டம்தான், கிசான் நிதியும் ஒன்றிய அரசின் திட்டம்தான். நான் பணம் கட்ட வேண்டிய திட்டத்தில் நான் விவசாயி. எனக்குப் பணம் வர வேண்டிய திட்டத்தில் என் பெயர் இல்லை.

2024 நவம்பரில் மின்னணுப் பயிர் கணக்கெடுப்புக்கு வேளாண் கல்லூரி மாணவர்களை அனுப்பினீர்கள். எங்கள் வயலுக்கு வந்த பெண்ணுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். வழுக்கும் வரப்பில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். கைபேசியில் புல எண்ணைத் திறந்து, பயிரைப் படம் பிடித்து, "நெல், சம்பா" என்று பதிந்தாள். திரையில் உரிமையாளர் அம்மாவின் பெயர் இருந்தது. "இது உங்க வயல்தானேம்மா?" என்று கேட்டாள். "நான்தான் பயிர் வைக்கிறேன், பெயர் அவங்களோடது" என்றேன். அவள் ஒரு நிமிடம் திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்துவிட்டு, நான் சொன்னது கேட்காதது போல அடுத்த புல எண்ணுக்குப் போனாள். சேற்றில் கால் வைத்து ஒருவர் என் எதிரிலேயே வந்து நின்றும் என் பெயர் பதிவாகவில்லை என்பதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

சட்டம் இல்லாமலா இருக்கிறது? தஞ்சைத் தரணியின் குத்தகைதாரரையும் பண்ணையாளையும் காக்க 1952இலேயே சட்டம் வந்தது. 1955இல் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1969இல் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம் வந்தது. என் மாமனார் அந்தப் பதிவில் ஏறியவர். அந்தத் தாளைத் தகரப் பெட்டியில் நெல் மணி போட்டு வைத்திருந்தார். ஆனால் அன்றைக்கு ஏறிய பெயர்களோடு அந்தப் பதிவேடு ஏறக்குறைய நின்றுவிட்டது. இன்று தனியார் நிலத்தில் யாரும் எழுத்தில் குத்தகை தருவதில்லை. காரணம் எல்லோருக்கும் தெரிந்ததே: எழுதிக் கொடுத்தால் பிறகு நிலத்தை மீட்க முடியாது என்ற அச்சம். அந்த அச்சம் முற்றிலும் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். உரிமையாளரின் மகனிடம் ஒருமுறை வெள்ளைத் தாளில் கையெழுத்துக் கேட்டேன். "அக்கா, உங்க மேல நம்பிக்கை இருக்கு, சட்டத்து மேலதான் இல்ல" என்றார். மூன்று தலைமுறையாக எங்களுக்குள் நிற்கும் வாய்மொழிக் குத்தகையை ஒரு கையெழுத்துக்காக நான் பணயம் வைக்க முடியாது. மாவுக்கு மூன்று மூட்டை என்று அளந்து கொடுத்தது போக மிஞ்சுவதில்தான் எங்கள் சோறு.

பக்கத்து மாநிலங்கள் இந்த முடிச்சை அவிழ்க்க முயன்றிருக்கின்றன. ஒன்றுபட்ட ஆந்திரம் 2011இல் சட்டம் இயற்றி, உரிமம் பெற்ற சாகுபடியாளர் என்று குத்தகைக்காரர்களுக்குக் கடன் தகுதி அட்டை கொடுத்தது. 2019இல் ஆந்திரம் மீண்டும் ஒரு சட்டம் கொண்டுவந்தது: பதினோரு மாத ஒப்பந்தம், நில உரிமைக்கு எந்தப் பாதிப்பும் இல்லை, பயிரின் மீதான உரிமை மட்டும் சாகுபடியாளருக்கு. பட்டியலின, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட, சிறுபான்மைச் சமூகங்களைச் சேர்ந்த நிலமற்ற குத்தகைக்காரர்களுக்கு அந்த மாநில அரசு தன் நிதியிலிருந்தே ஆண்டுக்கு 13,500 ரூபாய் வழங்கியது. மேற்கு வங்கத்தின் உழவர் உதவித் திட்டத்தில் பதிவு பெற்ற பர்காதார்கள், அதாவது விளைச்சலில் பங்கு என்று பயிரிடுபவர்கள், இருக்கிறார்கள். ஒடிசாவின் காலியா திட்டம் நிலமற்ற வேளாண் குடும்பங்களையும் கணக்கில் எடுத்தது. இவற்றில் குறை இல்லாமல் இல்லை. ஆந்திரத்தில் 2019 சட்டம் உரிமையாளரின் கையெழுத்தைக் கேட்டதால் பலருக்கு அட்டை கிடைக்காமல் போனது. அந்தக் குறையைத் தெரிந்துகொண்டு தொடங்கும் வசதி நமக்கு இருக்கிறது. ஒன்றிய அரசே 2007இல் வெளியிட்ட தேசிய உழவர் கொள்கை, குத்தகைதாரரும் பங்குச் சாகுபடியாளரும் வேளாண் தொழிலாளரும் உழவரே என்று வரையறுத்தது. அந்த வரையறையை எழுதிய கை வேறு, 2019இல் கிசான் நிதியின் விதியை எழுதிய கை வேறு போலிருக்கிறது.

இப்போது விவசாயிகளுக்குத் தனித்துவ அடையாள எண் கொடுக்கிறீர்கள். 2025 தொடக்கத்தில் எங்கள் ஊரில் முகாம் நடந்தது. ஆதார், கைபேசி, பட்டா மூன்றையும் கொண்டுவரச் சொல்லித் தண்டோரா போட்டார்கள். மூன்றாவது என்னிடம் இல்லை என்பதால் பந்தலில் காலை முழுவதும் உட்கார்ந்துவிட்டுத் திரும்பினேன். இனி மானியத் திட்டங்கள் அனைத்தும் இந்த எண்ணை வைத்தே நடக்கும் என்று முகாமில் சொன்னார்கள். அப்படியானால் இதுவரை உதவித்தொகை மட்டும் கிடைக்காதவர்களாக இருந்த நாங்கள் இனி விதைக்கும் உரத்துக்கும் காப்பீட்டுக்கும்கூட இல்லாதவர்களாகிவிடுவோம். எனவேதான் இனியும் பேசாமல் இருக்க முடியவில்லை.

நான் கேட்பவை இவை. டிட்வா மழைச் சேதத்துக்கான பட்டியல் இறுதியாவதற்கு முன், நிலத்தைப் பயிரிட்டவர் யார் என்ற கலத்தைப் படிவத்தில் சேர்த்து, நிவாரணத்தை அவர் கணக்கில் செலுத்த உத்தரவிடுங்கள். உரிமையாளருக்கும் சாகுபடியாளருக்கும் தகராறு உள்ள இடத்தில் பணத்தை நிறுத்தி வையுங்கள், பட்டாதாரர் கணக்கில் போட்டுவிட்டுப் பிறகு பேசிக்கொள்ளுங்கள் என்று எங்களை அனுப்பாதீர்கள்.

ஒவ்வொரு போகத்திலும் கிராம நிர்வாக அலுவலர் வயலுக்கு வந்து பார்த்து, உண்மையில் பயிரிடுபவரின் பெயரை அடங்கலில் எழுத வேண்டும். அந்தப் பட்டியலைக் கிராம சபையில் உரக்கப் படித்து, மறுப்பு இருந்தால் அங்கேயே கேட்க வேண்டும். யார் எந்த வயலில் நிற்கிறார் என்பதை ஊர் ஒருபோதும் தவறாகச் சொல்லாது. இந்தப் பதிவு அந்தப் போகத்தின் உதவிகளுக்கு மட்டுமே செல்லும், இதைக் கொண்டு நிரந்தரக் குத்தகை உரிமை கோர முடியாது என்று தெளிவாக ஓர் அரசாணையும், தேவையானால் சட்டத் திருத்தமும் கொண்டுவாருங்கள். அப்போது தாம்பரத்தில் இருப்பவருக்கும் அச்சம் இராது, எனக்கும் கையெழுத்துக் கேட்கும் அவசியம் இராது. இந்த அடங்கலின் அடிப்படையில் குத்தகை, பங்குச் சாகுபடியாளர்களுக்கும் தனித்துவ அடையாள எண் வழங்குங்கள்.

கோயில் மற்றும் மடத்து நிலங்களுக்கு அறநிலையத் துறையோடு சேர்ந்து வட்டந்தோறும் பெயர் மாற்ற முகாம் நடத்துங்கள். அது முடியும் வரை, கடைசி மூன்று ஆண்டுகளின் குத்தகை ரசீதைக் கையில் வைத்திருந்து நிலத்திலும் இருப்பவரைச் சாகுபடியாளராக ஏற்றுக்கொள்ளுங்கள்.

கிசான் நிதியில் குத்தகைதாரரைச் சேர்க்கச் சொல்லி ஒன்றிய அரசுக்கு மாநிலத்தின் சார்பில் எழுதுங்கள். அவர்கள் சேர்க்கும் வரை, அதே 6,000 ரூபாயை மாநில நிதியிலிருந்து, நிலமற்ற குத்தகைக் குடும்பங்களுக்கு மட்டுமாவது, வரும் நிதிநிலை அறிக்கையில் ஒதுக்குங்கள். உரிமையாளர்களுக்குப் போவதைக் குறைத்து எங்களுக்குத் தாருங்கள் என்று நான் கேட்கவில்லை.

அடுத்து நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் இதே மடலை மனுவாகக் கொடுக்க இருக்கிறேன். அதற்கு வரும் பதில் கடிதத்தில், என் பெயரை எழுதும் பொறுப்பு எந்தத் துறையுடையது என்பதை மட்டுமாவது உங்கள் இருவரின் கையெழுத்தோடும் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
பதினைந்து மா குத்தகைச் சாகுபடியாளர்,
காவிரிக் கடைமடை